மண் அணையும் அதன் கீழுள்ள வீடுகளும்



மழை விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் கால்வாயில் மண்ணைக் குவித்து அணை கட்டி விளையாடுவார்கள். அந்த அணை எப்படி உடைகிறது? தண்ணீர் மேலே வழிந்து மண்ணை அரித்துவிடும். அல்லது நண்டு வளை போன்ற சிறு துளையில் கசிந்து, துளை பெரிதாகிக் கரை இடிந்துவிடும். பெரிய மண் அணைகளும் பெரும்பாலும் இவ்விரு வழிகளில்தான் உடைகின்றன.

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்திலுள்ள கந்தளாய்க் குளம் பழங்கால மன்னர்கள் கட்டிய பாசனக் குளம். 1986 ஏப்ரல் 20ஆம் நாள், ஊர் உறங்கிய பின்னிரவு 3 மணியளவில், அதன் மண்கரை உடைந்தது. 120 பேருக்கு மேல் மாண்டனர். கரையின் மேல் கனத்த லாரிகள் ஓடியது ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய டீட்டன் மண் அணை, புதிதாக நீர் நிரம்பும்போதே 1976 ஜூன் 5ஆம் நாள் உடைந்தது. காலையில் கலங்கல் நீர் கசிந்தது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. ஆனால் பகல் நேரம், எச்சரிக்கை பரவியது, ஆயிரக்கணக்கானோர் தப்பினர். இறந்தவர் 11 பேர்.

ஆகவே அணையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். இதற்காகவே பல நாடுகளில் அணைகளை அபாய வகைகளாகப் பிரிக்கிறார்கள். உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடியது உயர் அபாய வகை. உயிர் போகாது, ஆனால் சாலை, பயிர், மின்சாரம் பாழாகும் என்றால் நடுத்தர வகை. சேதம் சிறிதே என்றால் குறைந்த வகை.

உயர் அபாயம் என்றதும் அணை நாளைக்கே உடையும் என்று அஞ்சவேண்டாம். குறைந்த அபாயம் என்றால் உறுதியான அணை என்றும் எண்ணவேண்டாம். பட்டுப்போன பால்மரம் காட்டோரம் சாய்ந்தால் கேடில்லை; லயத்தின் அருகே நின்றால் ஆபத்து. மரம் ஒன்றுதான், அதன் கீழிருப்போர்தாம் வேறு.

இந்த வகை மாறவும் கூடும். அன்று வெறும் ரப்பர்க் காடாக இருந்த பள்ளத்தில் பிறகு வீடுகளும் பள்ளியும் எழுந்தால், அணை அப்படியே இருந்தாலும் அபாய வகை உயரும். சோதனையும் எச்சரிக்கைத் திட்டமும் அதற்கேற்ப உயரவேண்டும். அணைக்கும் வயதாகிறது. கரையில் வளர்ந்த மரத்தின் வேர் அழுகினால் தண்ணீருக்கு வழியாகிறது. வண்டல் சேர்ந்தால் வெள்ளத்தைத் தாங்கும் இடம் குறைகிறது.

அணை உடையாமலும் ஆபத்து வரலாம். 2013 அக்டோபர் 23ஆம் நாள் கேமரன் மலையில், கனமழையால் சுல்தான் அபு பக்கார் நீர்மின் அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கின் ஆற்றோர வீடுகள் அடிபட்டன, உயிர்களும் போயின.

நம் நெகிரி செம்பிலானிலும் சிரம்பானுக்கு அருகே சுங்கை தெரிப் போன்ற குடிநீர் அணைகள் உள்ளன. அணையின் கீழ் வாழ்வோர் அறியவேண்டியவை இவை: மண் அணையில் தெளிந்த நீர் சிறிது கசிவது இயல்பு. நீர் கலங்கினால், கசிவு திடீரென்று கூடினால், கரையில் வெடிப்போ பள்ளமோ கண்டால், உடனே தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள், 999க்கும் தெரிவியுங்கள். சங்கு ஒலித்தால் சாமான் எடுக்க நிற்காதீர்கள், மேட்டுக்குச் செல்லுங்கள். எந்த மேடு, எந்த வழி என்பதை இன்றே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிவையுங்கள்.