ஒரே தெரு, இரண்டு ஆலயங்கள்

திருநெல்வேலிச் சீமையின் ஊர்கள் பலவற்றில் கத்தோலிக்க ஆலயமும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் இரு சபையாரிடையே உண்டு. ஆயினும், "அவர் நம் சபையார் அல்லர்" என்னும் சொல் எத்துணை எளிதில் நம் நாவில் வருகிறது!

அச்சொல்லை நாமே சொன்னதுண்டு. முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மழைக்காலத்தில் இறந்தார். அவர் மகன் நம் பங்கைச் சேர்ந்தவர். வெள்ளம் பாலத்தை மூடியதால் அச்சபையின் போதகர் வர இயலவில்லை. "சாமி, நீங்களாவது வந்து அம்மாவை அடக்கம் செய்து தாருங்கள்" என்று காலையிலேயே மகன் நம் வாசலில் நின்றார். "போதகர் வரட்டும்" என்று கூறி அனுப்பிவிட்டோம்.

உண்மையில் சட்டம் நம்மைத் தடுக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற பிற சபையாருக்கு அவர்தம் போதகர் கிடைக்காதபோது, இறந்தவரின் விருப்பத்துக்கு அது முரணாகாதிருந்தால், ஆயரின் இசைவோடு நம் அடக்கச் சடங்கை அளிக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது (எண் 1183). குருமடத்தில் கற்றதுதான், ஏட்டோடு நின்றுவிட்டது. பிற்பகலில் நினைவு வந்து, ஆயர் இல்லத்தோடு தொலைபேசியில் பேசி, அனுமதி பெற்றுச் சென்றோம். அடக்கம் முடிந்தபின் மகன் சொன்னார்: "நம் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவோருக்கெல்லாம் அம்மாதான் சோறாக்கிப் போடுவார்கள், சாமி." அதில் குற்றச்சாட்டு இல்லை, அதனாலேயே நெஞ்சு சுட்டது.

வெள்ளம் வடிந்தபின் போதகர் நன்றி கூற வந்தார். நன்றிக்குத் தகுதியற்றவராய் நடந்ததை அவரிடம் ஒப்புக்கொண்டோம். அன்றே ஓர் ஏற்பாடு செய்தோம். ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் நோயாளிகளைச் சந்திப்பது. ஒரு சபையில் சாவு நேர்ந்தால் மற்றதன் ஒலிபெருக்கியை நிறுத்துவது. ஏழை மாணவர்க்கான உதவியை ஒரே பட்டியலில் வைப்பது. சனவரி 18 முதல் 25 வரையிலான ஒன்றிப்பு வாரத்தில் ஒரு மாலை சேர்ந்து செபிப்பது. பெரிய செயல்கள் அல்ல. ஆனால் ஊர் மாறியது.

நற்கருணையிலும் குருத்துவத்திலும் வேறுபாடுகள் உள்ளன. அவற்றை மூடி மறைப்பது ஒற்றுமையாகாது. எனினும், மனச்சான்று பிரித்து நிறுத்தும் காரியங்கள் தவிர ஏனையவற்றில் சபைகள் சேர்ந்து செயற்படலாகாதா என்று, 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பிற சபைகள் கூடிய மாநாடு கேட்டது. பசி, பிணி முதலிய துயர்களைக் களைவதில் பிற சபையாரோடு ஒத்துழைக்குமாறு, 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு ஏடு நம்மைப் பணித்தது. அறிஞர்கள் சேர்ந்து உழைத்ததன் கனியாக 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் நம் கைக்கு வந்தது. ஒரே வேதத்தை வாசிக்கும் நாம் ஒரே துயர வீட்டில் சேர்ந்து அமரக் கூடாதா?

அன்பார்ந்த குடும்பத்தாரே, சீடர் ஒன்றாயிருக்க வேண்டுமென்று பாடுகளுக்கு முந்திய இரவில் ஆண்டவர் மன்றாடினார். அம்மன்றாட்டுக்கு விடையளிக்க உரோமை வரை செல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் நோயுற்றிருப்பவர் எந்தச் சபையார் என்று கேளாமல், இன்றே படியேறிச் செல்வோம்.