கூட்டம் சிறக்க வேண்டுமா? முதலில் இருவர் பேசட்டும்!

நம் தோட்டங்களில் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. பொங்கல் விழா, கோயில் திருவிழாவுக்கு ஆலோசனைக் கூட்டம், பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், தொழிற்சங்கக் கிளைக் கூட்டம், கூட்டுறவுச் சங்க விளக்கக் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாற்காலிகள் அடுக்கப்படுகின்றன, ஒலிபெருக்கி கட்டப்படுகிறது, மாலைகள் வாங்கப்படுகின்றன. எல்லாம் சரிதான். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரை வழியில் நிறுத்தி, "இன்றைக்கு என்ன பேசினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பிரமாதமாகப் பேசினார்" என்பார். "என்னதான் பேசினார்?" என்று மறுபடியும் கேட்டால், சற்று விழிப்பார்!

குறை யாருடையது? ஏற்பாட்டாளரைக் கேட்டால், "பேச வந்தவர் சரியில்லை" என்கிறார். பேச்சாளரைக் கேட்டால், "ஏற்பாடு சரியில்லை" என்கிறார். கடைசியில் இருவரும் சேர்ந்து, "நம் ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று பழியை நம் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த இருவரும் கூட்டத்துக்கு முன்பு ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். "ஐயா, எங்கள் தோட்டத்தில் ஒரு விழா, நீங்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்" என்பார் ஒருவர். "ஆகட்டும், வருகிறேன்" என்பார் மற்றவர். அவ்வளவுதான் அழைப்பு! எந்த நாலு வார்த்தை, யாருக்காக, எவ்வளவு நேரம் என்று அழைத்தவரும் சொல்வதில்லை, அழைக்கப்பட்டவரும் கேட்பதில்லை. கூட்டங்கள் மேடையில் கெடுவதில்லை. இந்த இடத்தில்தான் கெடுகின்றன.

அது யாருடைய நேரம்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மண்டபத்தில் 150 பேர் இருக்கிறார்கள். சிறப்பு விருந்தினருக்காக 40 நிமிடம் காத்திருக்கிறார்கள். எல்லார் நேரத்தையும் கூட்டினால் 6,000 நிமிடம். அதாவது 100 மணி நேரம். ஒரு தொழிலாளி நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை நாள் உழைப்பு வீணாகிவிட்டது!

அந்த 150 பேரும் விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள். பால்மரம் வெட்டியோ, செம்பனைக் குலை சுமந்தோ வந்தவர்கள். பெண்கள் வீடு திரும்பியதும் சமையலையும் முடித்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மறுநாளும் விடியலில் எழ வேண்டும். ஆகவே கூட்டத்தின் நேரம் தலைவருடையதும் அன்று, பேச்சாளருடையதும் அன்று. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவருடைய நேரம் அது.

அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இரவில் குறித்த நேரத்துக்கு அதை நிறுத்திவிடுவார்கள். விளக்கு அணையும் முன் பேசி முடிக்க வேண்டிய கட்டாயம் பேச்சாளருக்கு இருந்தது. இப்போது விளக்கு அணைவதில்லை, பேச்சும் அணைவதில்லை!

ஓர் எடுத்துக்காட்டு

சொக்சோ பற்றி விளக்க ஒருவரை அழைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டில் சட்டம் வந்தது, 1971இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது என்று அவர் தொடங்குகிறார். சட்டப் பிரிவுகளின் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அவர் சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் கேட்க வந்தவர்களின் மனத்தில் இருப்பது வேறு. "பெரட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தால் அது கணக்கில் வருமா?" "குலை வெட்டும்போது தூசு கண்ணில் விழுந்தால் முதலில் யாரிடம் சொல்வது?" "வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன தாள்கள் வேண்டும்?"

ஏற்பாட்டாளர் ஒரு வாரம் முன்பே பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் இந்தக் கேள்விகளைத் திரட்டி, ஒரு தாளில் எழுதிப் பேச்சாளருக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்: வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு நேராகப் போகும் வழியில் நேரும் விபத்தும் திட்டத்தில் அடங்கும், வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே அடிபட்டவர் உடனே அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் செய்தி தெரியாதவர் என்ன செய்கிறார்? விழுந்த இடத்தில் தைலத்தைத் தடவிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறார். வலி முற்றிய பிறகு விண்ணப்பிக்கப் போனால், அன்று விபத்து நடந்தது என்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருப்பதில்லை. ஒரு கூட்டம் சரியாக நடப்பதும் நடக்காமல் போவதும் ஒரு குடும்பத்தின் சோற்றையே தொடும் விஷயம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

அழைப்பவர் கவனத்துக்கு

பேச்சாளருக்கு எழுதும் கடிதத்தில் ஐந்து செய்திகள் இருக்கட்டும். வருகிறவர்கள் யார்? எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்? எத்தனை நிமிடம்? அவருக்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ச்சி? தோட்டத்துக்கு வழி எப்படி?

வழியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருட்டில் வெளியூர்க்காரர் சுற்றிச் சுற்றி வருவார். பெரிய சாலை முனையில் ஓர் இளைஞரை மோட்டார் சைக்கிளுடன் நிறுத்துங்கள். பெட்ரோல் செலவைப் பற்றியும் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஒலிபெருக்கியைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சோதித்துவிடுங்கள். "அலோ, அலோ" என்று விருந்தினர் முன் தட்டிக்கொண்டிருப்பது அழகில்லை.

பொன்னாடை போர்த்துவதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். அரை மணி நேரம் பேசச் சொல்லி அழைத்தவரை, ஏழு பேர் வாழ்த்துரைக்குப் பிறகு, பிள்ளைகள் எல்லாம் தூங்கிய நேரத்தில், "சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டுக் கொடுப்பது எந்த ஊர் மரியாதை? சொன்ன நேரத்தை அவருக்குக் கொடுங்கள். அதைவிடப் பெரிய பொன்னாடை இல்லை.

பேசுபவர் கவனத்துக்கு

திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களை, அதாவது முப்பது குறள்களை, பேச்சுக்கும் சபைக்கும் ஒதுக்கியிருக்கிறார். நன்றாகப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்து பேச வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆகவே பேச்சாளர்களே, அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். தேநீர் குடித்துக்கொண்டே நாலு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் எழுதி வந்ததில் பாதியை அங்கேயே மாற்றத் தோன்றும்.

கேட்ட பொருள் உங்களுக்குத் தெரியாததென்றால், "எனக்கு அது பழக்கமில்லை, இன்னாரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அது குறைவன்று, உதவி. பாரங்கள் மலாய் மொழியில் இருப்பதால், அதில் அச்சாகியிருக்கும் சொல்லையே முதலில் சொல்லி, பிறகு தமிழில் விளக்குங்கள். தனித்தமிழ்ச் சொல்லை மட்டும் கேட்டுப் போகிறவர், அலுவலக முகப்பில் நின்று திகைப்பார்.

இன்னொன்று. பட்டணத்திலிருந்து வரும் சிலர் மேடை ஏறியதும், குடிக்கிறீர்கள், பிள்ளைகளைக் கவனிப்பதில்லை என்று நம்மைத் திட்டித் தீர்க்கிறார்கள். குடிக்கிறவர் கூட்டத்துக்கு வருவதே இல்லை! வந்து உட்கார்ந்திருப்பது அவருடைய மனைவியும் பிள்ளைகளும்தான். வந்தவர்களையே திட்டினால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களும் வரமாட்டார்கள்.

தலைவர் கையில் கடிகாரம்

வரவேற்புரை 5 நிமிடம், தலைமையுரை 5, சிறப்புரை 30, கேள்வி பதில் 20, நன்றியுரை 5. மொத்தம் 65 நிமிடம். ஏழரைக்குத் தொடங்கினால் எட்டு முப்பத்தைந்துக்கு முடிந்துவிடும். பிரமுகர்களைப் பெயர் சொல்லி வரவேற்று மாலை போட்டுவிட்டாலே போதும். எல்லார் கையிலும் ஒலிபெருக்கியைக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த அட்டவணையைப் பேச்சாளருக்கு முன்பே காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டால், தலைவர் மணி அடிக்கும்போது யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கேள்வி நேரத்தில் நம் பெண்கள் எழுந்து நின்று பேசக் கூச்சப்படுகிறார்கள். சிறு தாள்களைக் கொடுத்துவிடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கூட்டத்தின் மிக நல்ல கேள்விகள் அந்தத் தாள்களில்தான் இருக்கும்.

நேரம் போதாமல் நின்றுவிட்ட கேள்விகளை மறுநாளே பேச்சாளருக்கு அனுப்புங்கள். அவர் பதில் எழுதினால், அதைப் பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும் பயன் சேரும்.

நம் வரலாற்றிலிருந்து

1950களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அந்த நிலையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். வியர்வை சிந்திச் சேர்த்த காசை நம்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேட்டவர்களின் மனத்தில் இருந்த கேள்வி. வெறும் அலங்காரப் பேச்சு அங்கே எடுபடாது. என்ன சங்கம், எதற்காகப் பங்கு, அந்தப் பணத்தால் என்ன செய்யப் போகிறோம் என்று விளங்கியதால்தான் மக்கள் சேர்ந்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. விளங்கும்படி பேசிய பேச்சு, தொழிலாளியைத் தோட்டத்தில் பங்குள்ளவராக்கியது!

வாசகர்களே, நீங்கள் மேடை ஏறாதவராக இருக்கலாம். ஏற்பாட்டுக் குழுவிலும் இல்லாதவராக இருக்கலாம். ஆனாலும் உங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்ததும், "இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், பேச வருபவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று செயலாளர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் பேசத் தொடங்கிவிடுவார்கள். கூட்டம் அங்கேயே பாதி சிறந்துவிடும்.