அடுப்படியில் ஒரு தபசி

இடைவிடாது செபிக்கும்படி புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விதித்திருப்பது, உலையும் உப்புமாகப் பொழுது கழிகிற சம்சாரிகளுக்கு எங்ஙனம் சாத்தியமாகும் என்று மலைப்போர், 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்காரராயிருந்த சகோதரர் லாரன்ஸின் சரித்திரத்தை அறிதல் நலம். போரில் காயமுற்ற பழைய சிப்பாயான அவருக்குச் சமையல் வேலையில் சுபாவமாகவே வெறுப்பு (நம்மில் பலருக்கும் அப்படித்தானே!), ஆயினும், சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் சர்வேசுரன்மீதுள்ள அன்பினாலேயே செய்வதாக நினைந்து, உள்ளுக்குள் அவரோடு சம்பாஷித்தபடியே ஏறக்குறைய 15 ஆண்டுகளை அங்குக் கழித்தார். கோயிலில் முழந்தாளிடும் வேளைக்கும் பாத்திரங்கள் உருளும் வேளைக்கும் அவர் பேதம் பாராட்டவில்லை. மனம் அலைந்தால் தம்மை நொந்துகொள்ளாமல் மெல்லத் திரும்பி வருவார். பிற்காலத்தில் மடத்தாருக்குப் பாதரட்சை தைக்கும் வேலைக்கு மாறினார். 1691இல் அவர் இறந்த பின்னரே அவருடைய கடிதங்கள் அச்சேறின.