ஊழியத்தின் நடுவே ஊர் சுற்றலாமா?

பசிபிக் கடலிலுள்ள டோங்கா அரசின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அதில் ஐந்தில் ஒருவர், மோர்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர். 1891இல் அங்கே கால்பதித்த அந்தச் சபைக்கு இன்று பள்ளிகள், ஆலயம், பெரிய நிர்வாகம் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்வதற்காக, பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் அமெரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பது பெரும்பாலும் 20 வயதை ஒட்டிய இளைஞர்களின் வேலை. மூத்தவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், அலுவலகக் கணக்கைப் பார்க்கிறார்கள், ஆலயத்தில் பணி செய்கிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் வாடகையும் சொந்தச் சேமிப்பிலிருந்துதான். தங்கும் காலம் ஆறு மாதமாக இருக்கலாம், இரண்டு ஆண்டை எட்டவும் செய்யலாம். இப்படி வந்தவர்கள் ஓய்வு நாளில் ஒன்றுகூடித் தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது, ஊழியத்துக்கு வந்த இடத்தில் உல்லாசம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாளும் ஊழியத்தில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி.

அதற்குக் காரணம் டோங்காவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1822இல் முதல் வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிஷனரி வந்த நாள் முதல், வெளியிலிருந்து வந்த ஊழியர்கள் கொடுப்பவர்களாகவே இருந்தார்கள், தீவுக்காரர்கள் வாங்குபவர்களாக. 19ஆம் நூற்றாண்டில் பழைய ஆட்டங்களும் பச்சை குத்தலும் சட்டத்தாலேயே தடை செய்யப்பட்டன. 1875ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக்கியது. அன்று கையெழுத்தாகும் ஒப்பந்தம் இன்றும் அங்கே செல்லாது. அந்த அரசியலமைப்பை எழுத உதவிய ஷெர்லி பேக்கர் என்ற மிஷனரி பின்னர் பிரதமராகவே ஆனார். இத்தனை கொடுத்தவர்களில் டோங்கா மக்கள் நெஞ்சார நினைப்பது வேறொருவரை. 1866இல் டுப்போ கல்லூரியைத் தொடங்கிய ஜேம்ஸ் ஈகன் மோல்டன் அந்த மக்களின் மொழியையும் பாட்டையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவர்கள் பாடும் முறைக்கு ஏற்ப எண்களாலான ஓர் இசைக் குறியீட்டை உருவாக்கினார். தேவாலயப் பாடகர் குழுக்கள் இன்றும் அதைப் பார்த்துப் பாடுகின்றன. கேட்டுக் கற்கத் தெரிந்தவர் செய்த வேலைதான் நிலைத்தது.

ஊர் பார்க்கும் நாள் அந்தக் கேட்கும் இடத்தில் மூத்தவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. டோங்காவின் முக்கியத் தீவான டோங்காடாபுவின் கிழக்கே, நியூடோவா ஊருக்குப் பக்கத்தில் ஹாமோங்கா என்ற கல்வாசல் இருக்கிறது. இரண்டு பவளச் சுண்ணாம்புப் பாறைகளை நட்டு, அவற்றின் தலையில் வெட்டிய பள்ளத்தில் மூன்றாவது பாறையைப் பொருத்தியிருக்கிறார்கள். உயரம் சுமார் 5 மீட்டர். நட்ட பாறை ஒவ்வொன்றும் 30 டன்னாவது இருக்கும் என்கிறார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன், டுயிடாடுயி என்ற மன்னர் காலத்தில் எழுந்தது. சற்றுத் தள்ளி நெட்டுக்குத்தாக ஒரு கல். முதுகுப்பக்கமிருந்து யாரும் தாக்கிவிடாதபடி மன்னர் அதில் சாய்ந்து உட்கார்ந்தார் என்பது ஊர்க்கதை. மேல் பாறையில் உள்ள கீறல்கள் சூரியன் உதிக்கும் திசைகளைக் காட்டுகின்றன என்று 1967இல் நான்காம் டுப்போ மன்னர் விளக்கம் சொன்னார். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்த ஓர் ஆசிரியைக்கு இங்கே சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர் சொல்லச் சொல்லக் கேட்க வேண்டியதுதான். மறுநாள் டோங்கா ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவருக்கு, இந்த மக்கள் எழுத்தறியும் முன்பே எதைக் கட்டினார்கள், எதைக் கணித்தார்கள் என்று தெரிந்திருப்பது சின்ன விஷயமா?

உல்லாசம் என்ற குற்றச்சாட்டு எனக்கு வலுவாகப் படவில்லை. அவர்கள் செலவழிப்பது தங்கள் பணத்தை. தங்கள் மிஷன் எல்லையைத் தாண்டிப் போவதற்கு அனுமதி வாங்க வேண்டும். பேரப்பிள்ளை பிறந்ததையும் வீட்டுக் கல்யாணத்தையும் செல்போன் திரையில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். புது ஊரில் நாள் முழுதும் கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் என்று இருவர் மட்டுமே இருப்பது, எவ்வளவு அன்பான தம்பதிக்கும் பாரம்தான். மருந்து எங்கே கிடைக்கும், முட்டி வலிக்கு யாரைப் பார்ப்பது, மனம் சோர்ந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரே நிலையில் இருக்கிற இன்னொரு தம்பதியிடம்தான் கூச்சமில்லாமல் கேட்க முடியும். அந்த வாய்ப்பை ஓய்வு நாள் பயணம் தருகிறது. அப்படிப் பேச ஆள் இல்லாதவர் பாதியில் ஊர் திரும்பினால், அவர் தொடங்கிய வேலையும் பாதியில் நிற்கும்.

இவர்கள் வருவதற்கு ஆகும் பணத்தை அப்படியே டோங்காவுக்கு அனுப்பிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. பயிற்சி பெற்ற டோங்கா ஆசிரியர் அங்கேயே இருக்கும்போது அந்த வேலைக்கு வெளிநாட்டவர் வந்தால் இந்தக் கேள்வி முழுக்க நியாயம். மற்றபடி, முப்பது ஆண்டு கைப்பழக்கத்தைப் பணமாக்கி அனுப்ப வழி இல்லை. ஊர் சுற்றும்போது செலவாகும் காசும் உள்ளூரில்தான் விழுகிறது. 2022 ஜனவரி 15இல் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்துக் கிளம்பிய சுனாமி, டோங்காடாபுவின் மேற்குக் கரை விடுதிகளைத் துடைத்தெறிந்தது. அந்தக் கரையில் மீண்டும் கடை போடுகிறவருக்கு, சாப்பிட உட்காரும் பத்துப் பேர் பெரிய வியாபாரம்.

என்னை உண்மையில் தயங்க வைக்கும் மறுப்பு ஒன்றுதான். அமெரிக்கர்கள் அமெரிக்கர்களோடு வேனில் ஏறி, அமெரிக்கர்களோடு பேசி, படம் பிடித்துக்கொண்டு திரும்பும் பயணத்தால் டோங்காவுக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை, நான் மேலே சொன்ன பயன் முழுதும் அங்கே அடிபட்டுப் போகிறது. ஆனால் இது மாற்றக்கூடிய குறை. ஊர்க்காரர்களைக் கூட அழைத்துப் போனால் போதும். தென்மேற்கே ஹௌமா ஊர்க் கரையில், பாறைத் துளைகள் வழியாகக் கடல்நீர் பீறிட்டு எழும் காட்சி ஏற்றத்தின்போதுதான் களைகட்டும். எப்போது போக வேண்டும் என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். மரப்பட்டையைத் தட்டித் தாப்பா துணி செய்யும் பெண்கள் வெளியாளை உட்காரவைத்துச் சுத்தியலைக் கையில் கொடுப்பது, கூட அவர்களின் சொந்தக்காரர் ஒருவர் வந்தால் எளிதாக நடக்கும். வேனில் பாதி இருக்கை, கூட வேலை செய்யும் டோங்கா ஆசிரியர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கட்டும். எங்கே போவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.