கட்டாத கடன் வேலைக்கே வினையாகலாம்

"நான் வாங்கிய கடன் என் சொந்த விஷயம். என் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" கடன்பற்று அட்டைப் பாக்கி கழுத்தை நெரிக்கும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான வேலைகளைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அரசாங்க இரகசியங்கள் புழங்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு இந்தப் பதில் எடுபடாது. அவர் வாங்கிய கடனும் அதை அவர் கையாளும் விதமும் மேலதிகாரிகளின் பார்வைக்கு வந்தே தீரும்.

நம் பிள்ளைகளில் பலர் போலீசிலும் இராணுவத்திலும் அமைச்சுகளிலும் பணிபுரிகிறார்கள். இன்னும் பலர் சேர விண்ணப்பிக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இந்த விதிகளை விளக்கமாக எழுதி, யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கும் நாடு அமெரிக்கா. ஆகவே முதலில் அங்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

கடனை ஏன் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் இரகசிய ஆவணங்களைப் பார்க்க வேண்டிய பணிகளுக்குப் பாதுகாப்புத் தகுதிச் சான்று வேண்டும். இராணுவத்தினர், அரசு ஊழியர்கள் மட்டுமல்லாமல், அரசாங்கத்துக்குக் குத்தகை வேலை செய்யும் தனியார் நிறுவன ஊழியர்களும் இதைப் பெற வேண்டும். 2017 ஜூன் 8 முதல் அமலில் இருக்கும் வழிகாட்டியில் 13 அம்சங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது, பண விவகாரம்.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் உண்டு. ரொனால்ட் பெல்டன் என்பவர் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவையில் 14 ஆண்டுகள் வேலை செய்தவர். 1979இல் நொடித்துப் போனார், வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார். அவர் கையில் ஆவணம் எதுவும் இல்லை. மனத்தில் பதிந்திருந்த இரகசியங்களையே விற்றார். அதற்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 35,000 டாலர். 1985இல் கைதானார், மறு ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

மத்திய உளவு நிறுவனமான சிஐஏயில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் கதையும் கடனில்தான் தொடங்கியது. மணவிலக்குச் செலவும் புது வாழ்க்கையின் ஆடம்பரமும் சேர்ந்து அழுத்த, 1985 ஏப்ரலில் 50,000 டாலருக்காகத் தகவல் விற்கத் தொடங்கினார். பிறகு ஆண்டுக்கு 70,000 டாலருக்கும் குறைந்த சம்பளக்காரர், 540,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். ஆனாலும் 1994 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். திடீர்க் கடனைப் போலவே கணக்குக் காட்ட முடியாத திடீர்ப் பணமும் ஆபத்தின் அறிகுறி என்பது இதில் கிடைத்த பாடம்.

கடன்பட்டவர் எல்லாரும் துரோகிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. வழிகாட்டியும் அப்படிச் சொல்லவில்லை. பண நெருக்கடியில் இருப்பவரை ஆசை காட்டியோ மிரட்டியோ வளைப்பது எளிது என்பது ஒரு காரணம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர், விதிகளை மதிக்காதவர், இரகசியத்தை மட்டும் எப்படிக் காப்பாற்றுவார் என்ற சந்தேகம் இன்னொரு காரணம்.

படிவம் கேட்கும் கேள்விகள்

விண்ணப்பப் படிவம் நூறு பக்கங்களுக்கு மேல் நீளும். கடந்த ஏழு ஆண்டுகளில் நொடித்துப் போனதாக மனுச் செய்ததுண்டா? வருமான வரியைத் தாக்கல் செய்யாமல் விட்டதுண்டா? எந்தக் கடனிலாவது 120 நாட்களுக்கு மேல் பாக்கி விழுந்ததுண்டா? சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்ததுண்டா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையும் தனியாக வரவழைக்கப்படும். படிவத்தில் "இல்லை" என்று எழுதிய கடன் அறிக்கையில் தலைகாட்டினால், பணச் சிக்கலோடு நேர்மைச் சிக்கலும் சேர்ந்து கொள்ளும். தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சான்று கையில் கிடைத்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று இருக்கவும் முடியாது. முன்பெல்லாம் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மறு சோதனை நடக்கும். இப்போது கணினி வழித் தொடர் கண்காணிப்பு வந்துவிட்டது. 2021 அக்டோபருக்குள் தற்காப்புத் துறையில் சான்று பெற்ற அனைவரும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். உச்ச இரகசியத் தகுதி உடையவர், 120 நாட்களைத் தாண்டிய பாக்கி இருந்தால் தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும்.

கெடுப்பது எது, காப்பது எது?

இரண்டு பேரை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். ஒருவருக்கு 30,000 டாலர் கடன். மனைவியின் சிகிச்சையால் வந்தது. அவர் கடன் கொடுத்தவர்களிடம் பேசி, மாதம் 200 டாலர் என்று தவணை போட்டு, ஓராண்டாகத் தவறாமல் கட்டி வருகிறார். ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார். மற்றவருக்கு 8,000 டாலர்தான் கடன். வந்த கடிதங்களைப் பிரிக்காமலே மேசைக்குள் போட்டார், படிவத்திலும் மறைத்தார். தொகையை மட்டும் பார்த்தால் முதலாமவர் நிலைதான் மோசம். ஆனால் தகுதியை இழக்கும் ஆபத்து இரண்டாமவருக்கே அதிகம்.

வேலையிழப்பு, நோய், மணவிலக்கு, அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணங்களை வழிகாட்டி ஏற்றுக் கொள்கிறது. அந்த இக்கட்டிலும் அவர் பொறுப்போடு நடந்து கொண்டாரா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. நல்லெண்ணத்தோடு கடனை அடைக்கும் முயற்சி, நம்பகமான அமைப்பிடம் பெற்ற கடன் ஆலோசனை ஆகியவை அவர் பக்கம் நிற்கும். தவறாமல் தவணை கட்டப்படும் வீட்டுக் கடன் யாரையும் உறுத்துவதில்லை.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகள் கடந்தால் கடன் காலாவதியாகி, கொடுத்தவர் வழக்குப் போட முடியாமல் போகலாம். ஏழு ஆண்டுகளில் கடன் அறிக்கையிலிருந்தும் அது மறையலாம். "இனி யாரும் கேட்க முடியாது" என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் காலம் கடத்தித் தப்பித்ததை, நல்லெண்ணத்தோடு அடைத்ததாகத் தகுதி விசாரணையில் ஏற்றுக் கொள்வதில்லை.

குறை கண்டால் காரணங்களை எழுத்தில் தருவார்கள். அதற்குப் பதில் எழுதலாம். குத்தகை நிறுவன ஊழியர் நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கோரலாம். ஆனால் பாதுகாப்புத் தகுதி யாருக்கும் உரிமை அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988இலேயே கூறிவிட்டது. சந்தேகம் எழுந்தால் தீர்வு நாட்டின் பக்கமே சாயும். சான்று தேவைப்படும் வேலையில் இருப்பவருக்குச் சான்று போனால் வேலையும் போகலாம்.

நம் பக்கத்தில்

மலேசியாவில் அரசாங்க ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் "கடுமையான கடன் நிலை" பற்றிப் பேசுகின்றன. அடமானம் இல்லாத கடன்கள் மாத ஊதியத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. உடனே துறைத் தலைவருக்குத் தெரிவிப்பது அவர் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே தனியொரு குற்றம். சிங்கப்பூரில் வரம்பு மூன்று மாதச் சம்பளம். பொதுச் சேவை ஊழியர்கள் ஆண்டுதோறும் தங்கள் பண நிலையை அறிவிக்க வேண்டும். எண்கள் வேறுபட்டாலும் மூன்று நாடுகளும் ஒன்றைத்தான் கேட்கின்றன: மறைக்காமல் சொல்.

நம் வீடுகளில் கடன் என்றால் வெட்கம். திருமணத்துக்கு வாங்கியது, தம்பிக்குப் பிணை நின்றது, காருக்குக் கட்டாமல் விட்டது எல்லாம் கட்டிய மனைவிக்கே தெரியாது. அந்த வெட்கம்தான் ஒருவரை ஆலோங்கிடம் தள்ளுகிறது. அங்கிருந்துதான் மிரட்டலும் தொடங்குகிறது. வங்கி நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது. வங்கிகளிடம் பேசித் தவணையையும் சீரமைத்துத் தருகிறது. மூன்று மாதப் பாக்கியோடு அங்கே போவது, மூன்று ஆண்டுப் பாக்கியோடு போவதைவிட எளிது.

சீருடை அணியப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று இந்த வாரமே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அவன் பெயரில் மற்றவர்கள் வாங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். நாளை அதிகாரி கேட்கும் கேள்விக்கு இன்று வீட்டில் பதில் தேடுவது நல்லது.