கைதானவர் எங்கே? அமெரிக்க ஜெயில் பதிவேடுகள் சொல்லும் கதை

ஒருவரைப் போலீஸார் கைது செய்து கொண்டு போய்விட்டார்கள் என்று தகவல் வருகிறது. வீட்டாருக்கு முதலில் எழும் கேள்வி, "என்ன குற்றம்?" என்பதல்ல, "ஆள் எங்கே?" என்பதுதான். எந்தத் தேசத்திலும் இது ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்காவில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருக்கிறது. ஜெயிலுக்குள் போனவரின் பெயர், அவர் மீதுள்ள குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவற்றைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான ஜெயில்கள் அந்தப் பட்டியலை இணையத்திலேயே போட்டு வைத்திருக்கின்றன.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் தேசம் முழுவதற்கும் ஒரே பட்டியல் கிடையாது. எந்த ஜெயிலின் ஏட்டைப் புரட்டுவது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

ஜெயில் வேறு, பிரிஸன் வேறு

தமிழில் ஜெயில் என்றாலும் சிறை என்றாலும் ஒன்றே. அமெரிக்காவில் அப்படியல்ல. வழக்கு முடிந்து, பொதுவாக ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் போய்ச் சேரும் இடம் "பிரிஸன்". அதை மாநில சர்க்காரோ மத்திய சர்க்காரோ நடத்துகிறது. கைதாகி விசாரணையை எதிர்பார்த்திருப்பவர்களும், சொற்பத் தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம் "ஜெயில்". அது பெரும்பாலும் கவுண்டியின் பொறுப்பு.

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் ஜில்லா மாதிரி. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகள் உண்டு. பெரும்பாலான கவுண்டிகளில் ஜெயிலுக்கு அதிகாரி ஷெரீப். சென்னையில் ஒரு காலத்தில் இருந்த ஷெரீப் பதவி வெறும் கௌரவப் பதவி. அமெரிக்க ஷெரீபோ, அநேகமாக எங்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் அதிகாரி. ஜெயில் சாவியும் அவரிடம், பதிவேடும் அவரிடம்.

இதற்கு விலக்குகளும் இல்லாமலில்லை. நியூயார்க் நகரம் தன் ஜெயில்களைத் தானே ஓர் இலாகா வைத்து நடத்துகிறது. அலாஸ்கா, கனெக்டிகட், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய ஆறு மாநிலங்களில் ஜெயில், பிரிஸன் இரண்டும் பெரும்பாலும் மாநில இலாகாவின் கீழேயே இருக்கின்றன.

2022 ஜூன் இறுதியில் இந்த உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 63 ஆயிரம் பேர். அதனோடு முடிந்த ஓராண்டில் ஜெயில் வாசலைக் கடந்து உள்ளே வந்த கணக்கோ சுமார் 73 லட்சம்! ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வந்திருந்தால் அதுவும் இதில் சேர்த்தி. இன்னொரு கணக்கையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் தீர்ப்பு பெறாதவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர்.

"புக்கிங்" என்னும் சடங்கு

கைதானவர் ஜெயிலுக்குள் வந்ததும் முதலில் நடப்பது "புக்கிங்". ரயிலுக்கு டிக்கெட் வாங்கும் சமாசாரமல்ல. ஆளை ஏட்டில் ஏற்றும் சடங்கு. பெயர், பிறந்த தேதி, உயரம், எடை ஆகியவற்றை எழுதுகிறார்கள். விரல் ரேகை எடுக்கிறார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ பிடிக்கிறார்கள். கைதிகளை இப்படி ஒரே முறையில் படம் எடுக்கும் வழக்கத்தை 1880-களில் பாரிஸ் போலீஸில் ஏற்படுத்தியவர் அல்போன்ஸ் பெர்தியோன். பிறகு சட்டைப் பையில் உள்ள பணம், கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஜாபிதா எழுதுகிறார்கள். உடம்புக்கு என்ன, மருந்து சாப்பிடுகிறாரா, தற்கொலை எண்ணம் உண்டா என்றும் கேட்டு எழுதுகிறார்கள். கடைசியில் ஒரு நம்பர் கொடுக்கப்படுகிறது. அதுதான் "புக்கிங் நம்பர்". அதற்குப் பிறகு ஜெயிலில் பெயரை விட அந்த நம்பருக்கே மதிப்பு!

வாரண்டு இல்லாமல் கைதானவர் விஷயத்தில், கைதுக்குத் தக்க காரணம் உண்டா என்பதைச் சாதாரணமாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று 1991-ல் அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட் விதித்தது. கலிபோர்னியாவில் இன்னொரு சலுகையும் உண்டு. கைதான மூன்று மணி நேரத்துக்குள் கைதி குறைந்தது மூன்று தடவை டெலிபோனில் பேச உரிமை இருக்கிறது.

தேடும் வழி

போன் வராவிட்டால் என்ன செய்வது? வழி தெரிந்தவர்கள் சொல்லும் முறை இது:

ஆள் குடியிருக்கும் கவுண்டியில் தேடிப் பயனில்லை. கைது நடந்த இடம் எந்தக் கவுண்டியைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கவுண்டி ஷெரீபின் இணையதளத்தில் கைதிகள் பட்டியலைத் தேட வேண்டும். முழுப் பெயரும் பிறந்த தேதியும் கையில் இருப்பது அவசியம். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவது சர்வ சாதாரணம். நம்மவர் பெயர்களில் இனிஷியல் எது, தகப்பனார் பெயர் எது என்று தெரியாமல் மாற்றி ஏற்றிவிடுவதும் உண்டு. ஆகவே எழுத்துக்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் உடனே கலங்க வேண்டியதில்லை. நகரப் போலீஸ் லாக்கப்பில் சில மணி நேரம் இருந்துவிட்டுப் பிறகு கவுண்டி ஜெயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. புக்கிங் முடியும் வரையில் பட்டியலில் பெயர் ஏறாது. காயமோ நோயோ இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். ஜெயிலுக்கே டெலிபோன் செய்து கேட்பது நல்லது. அக்கம் பக்கத்துக் கவுண்டிகளையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

சிலருடைய பெயர் அந்தப் பட்டியலில் வரவே வராது. வயது வராத சிறுவர்களின் பெயர்களைச் சாதாரணமாக வெளியிடுவதில்லை. தீர்ப்பாகிப் போனவர்களை மாநிலச் சிறை இலாகாவின் பட்டியலில் தேட வேண்டும். மத்திய சர்க்காரின் சிறைக் கைதிகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. 1982 முதல் உள்ள பெயர்களை அதில் பார்க்கலாம். குடியேற்றச் சட்டப்படி பிடிபட்டவர்களுக்கு வேறொரு பட்டியல். அதில் அவர்களுடைய குடியேற்ற நம்பரும் பிறந்த நாடும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் போட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: மத்திய சர்க்கார் பல கவுண்டி ஜெயில்களில் வாடகைக்கு இடம் பிடித்துத் தன் கைதிகளை வைத்திருக்கிறது. ஆள் இருப்பது கவுண்டிக் கட்டடத்தில்; பெயர் இருப்பதோ வேறு ஏட்டில்!

வெளிநாட்டார் கைதானால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை. 1963-ல் வியன்னாவில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை கூறும் விதி இது. பிள்ளைகளை அங்கே படிக்கவோ உத்தியோகத்துக்கோ அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஏடு ஏன் திறந்திருக்கிறது?

கைதானவர் பெயரை ஊருக்கெல்லாம் காட்டுவானேன் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. ரகசியமாக ஆளைப் பிடித்து, ரகசியமாக அடைத்து வைக்கும் சர்க்காரை விடப் பயங்கரமானது வேறில்லை. ஏட்டில் பெயர் ஏறிவிட்டால், "அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் கைகழுவ முடியாது. ஆட்கொணர்வு மனுப் போடுகிற வக்கீலுக்கும் அந்த ஒரு வரிதான் பிடிமானம். கலிபோர்னியாச் சட்டத்தில் கைதானவரின் பெயர், தொழில், கைதான நேரம், குற்றச்சாட்டுகள், ஜாமீன் தொகை, இருக்கும் இடம், விடுதலையான விவரம் எல்லாவற்றையும் பொதுவாக வெளியிட்டாக வேண்டும் என்றே இருக்கிறது.

விடுதலையான விவரத்துக்கு என்ன முக்கியம்? கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற நகரம். தன்னைப் பலாத்காரம் செய்ததாக ஒரு பெண் கொடுத்த புகாரில் அவளுடைய பழைய சிநேகிதன் ஜெயிலில் இருந்தான். ஜாமீனில் அவன் வெளியே வந்ததை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 1993 டிசம்பர் 6-ந் தேதி, அவளுக்கு 21 வயது நிரம்பிய அன்றே, அவன் அவளைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துயரத்தின் விளைவாக, மறு ஆண்டில் அந்தக் கவுண்டியில் ஒரு புது ஏற்பாடு தோன்றியது. கைதி வெளியே விடப்பட்டால், முன்பே பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தானாகவே டெலிபோன் மணி அடிக்கும். "வைன்" என்ற பெயருள்ள அந்தச் சேவை பிற்பாடு பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது.

பதிவேடு சாட்சி சொன்ன இன்னொரு வழக்கு டெக்ஸாஸில் நடந்தது. 2015 ஜூலை 10-ந் தேதி, சிக்னல் காட்டாமல் காரை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றினார் என்று நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண்மணி, வாக்குவாதத்துக்குப் பின் கைதாகி வாலர் கவுண்டி ஜெயிலில் அடைக்கப்பட்டார். ஜாமீன் 5,000 டாலர். ரொக்கமாக 500 டாலர் கட்டினால் வெளியே வந்திருக்கலாம். மூன்றாம் நாள் அறையில் தூக்கில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று முடிவாயிற்று. ஆனால் புக்கிங் காகிதங்களைப் பார்த்தபோது, அவர் முன்பு தற்கொலைக்கு முயன்றதாக எழுதியிருந்தது. எழுதியவர்கள் அதற்கேற்பக் காவல் வைக்கவில்லை. மணிக்கொரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும் மீறப்பட்டிருந்தது. 2017-ல் அவர் பெயராலேயே டெக்ஸாஸில் ஒரு சட்டம் நிறைவேறியது. காவலர்கள் உரிய நேரத்தில் அறையைப் பார்த்தார்களா என்பதைக் காட்ட மின்சாரக் கருவி வைக்கவும், ஜெயில் மரணங்களை வெளி இலாகா விசாரிக்கவும் அது வகை செய்தது. எழுதி வைத்தால் மட்டும் போதாது, எழுதியதைப் படிக்கவும் வேண்டும் என்பதற்கு அந்தக் காகிதங்களே அத்தாட்சி.

படத்தால் வந்த வினை

திறந்த ஏட்டால் தீமையும் உண்டு. புக்கிங் படங்களை மொத்தமாக எடுத்துத் தங்கள் இணையதளங்களில் போட்டுவிட்டு, "பணம் கொடு, நீக்குகிறோம்" என்று பிழைத்தவர்கள் கிளம்பினார்கள். வழக்கு தள்ளுபடியாகிப் பல வருஷமாகியிருக்கும். வேலை கேட்டுப் போகிற இடத்தில் பழைய படம் முன்னே வந்து நிற்கும். 2013-ல் ஜார்ஜியாவும், 2014-ல் கலிபோர்னியாவும் இந்தக் கொள்ளைக்கு எதிராகச் சட்டம் செய்தன. 2019-ல் நியூயார்க் மாநிலம் புக்கிங் படங்களை வெளியிடுவதையே கட்டுப்படுத்தியது. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, "ஜாமீனுக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று கைதியின் வீட்டுக்கு டெலிபோன் செய்யும் மோசக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி யாராவது கேட்டால் ஜெயிலையோ கோர்ட்டையோ நேராக விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

ஜெயில் ஏடு வழக்கின் முடிவைச் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் விடுதலையானாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதைக் கோர்ட் குமாஸ்தாவின் அலுவலக ரிகார்டுகளில்தான் பார்க்க வேண்டும்.

கைதி நம்பர் 7089

2004-ல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி கவுண்டி ஷெரீப் அலுவலகத்தில் பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது, சில புக்கிங் படங்கள் கிடைத்தன. 1956 பிப்ரவரியில், பஸ் பகிஷ்காரம் செய்ததற்காகக் கைதான கறுப்பின மக்களின் படங்கள் அவை. நெஞ்சில் 7053 என்ற நம்பரோடு ரோஸா பார்க்ஸ் அம்மையார். 7089 என்ற நம்பரோடு ஓர் இளம் பாதிரியார். மார்ட்டின் லூதர் கிங். 1968 ஏப்ரல் 4-ந் தேதி அவர் சுடப்பட்டு இறந்த பிறகு, அந்தப் படத்தின் மேல் யாரோ தேதியைப் போட்டு "இறந்தார்" என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்.

அன்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் 89 பேர். வழக்கு நடந்தது கிங் மீது மட்டும்; 500 டாலர் அபராதம் விதித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் பஸ்களில் நிறம் பார்த்து இடம் பிரிக்கும் வழக்கமே சட்ட விரோதம் என்று தீர்ப்பாகிவிட்டது. அவமானப்படுத்துவதற்காக எடுத்த படங்களை இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பார்க்கிறார்கள்.

ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் யோக்யதை ஜெயில் ஏட்டுக்குக் கிடையாது. இன்ன ஆள், இன்ன தேதியில், இவர்கள் பொறுப்பில் இருந்தார் என்று மட்டுமே அது சொல்கிறது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். கதவைத் தட்ட வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது.