ரத்தப் புற்றுநோய் மாத்திரை விலையை நிர்ணயித்த 3(டி) பிரிவு

புதுதில்லி: நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் அரிதானது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருகிறது. வேறு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்யும்போது, வெள்ளை அணுக்கள் பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டே பலருக்கு நோய் தெரியவருகிறது. இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக் கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் மரபணுவே இதற்குக் காரணம். அது உண்டாக்கும் புரதத்தை முடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. நாள்தோறும் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலானோர் பல்லாண்டு வாழலாம் என்ற நிலை பிறந்தது.

சாப்பிட வழி வேண்டுமே! நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் அப்போது மாதத்துக்குச் சுமார் ரூ. 1.20 லட்சமாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து ரூ. 8,000 முதல் ரூ. 10,000 வரை இருந்தது. அந்நிறுவனத்துக்கு 2003-இல் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு நீதிமன்றத் தடை வந்தது.

இந்த நிலையில்தான், 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட காப்புரிமை அவசரச் சட்டத்துக்கு மாற்றான மசோதா 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அரசை வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகள் திருத்தங்கள் கோரினர். அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் திறன் கூடியிருந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்ற 3(டி) பிரிவு அப்போதுதான் நிறைவேறியது. கூட்டணிப் பேரங்களில் சாமானியருக்குப் பயன்பட்டவை சொற்பம். இது அவற்றில் ஒன்று.

அப்பிரிவின்படி சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு மேல்முறையீட்டை நிராகரித்தது. புதிய படிக வடிவம் உடலில் கூடுதலாகக் கிரகிக்கப்படுகிறது என்பது மட்டும் நோய் தீர்க்கும் திறன் கூடியதற்குச் சான்றாகாது என்றது உச்ச நீதிமன்றம். தங்கள் மருந்தை இந்தியர்களில் பெரும்பாலோருக்கு இலவசமாகவே வழங்குவதாக நிறுவனம் கூறியது. ஆனால், நன்கொடை கொடுப்பவர் விருப்பம், உரிமை அல்ல.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் வாழும் எல்லை ஊராட்சியான வடகரப்பதி போன்ற இடங்களில் இத்தீர்ப்பின் பொருள் நன்கு விளங்கும். பெரிய மருத்துவமனைக்குக் கோவை அருகில்தான். ஆனால், கேரள ரேஷன் அட்டைதாரருக்குத் தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பொருந்தாது. கைக்காசுக்குக் கட்டுப்படும் மாத்திரைதான் அங்கு காப்பீடு. மாத்திரை தவிர, குறிப்பிட்ட இடைவெளியில் மரபணுப் பரிசோதனைச் செலவும் உண்டு.

இமாடினிப் பலனளிக்காமல் போகும் நோயாளிகளின் கதை வேறு. அவர்களுக்கான புதிய மருந்துகளில் ஒன்றான அசிமினிப் மீதான 12 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் கவுன்சில் முழுமையாக நீக்கியது. வரியைக் குறைக்கத்தான் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. மருந்தின் அடிப்படை விலையில் அது கை வைக்க இயலாது.